தென்னாற்காட்டு வேதக்கோயில்கள் – 14: பத்து நாளில் மூன்று கொடி

ஆகஸ்டு பிறந்ததும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மாதா கோயில்களில் முதலில் கவனிக்கப்படுவது கயிறு. கொடிமரத்து உச்சியில் இருக்கும் கப்பி துருவேறிக் கிடக்கும். போன வருஷத்துக் கயிறு வெயிலிலும் மழையிலும் நைந்து, தொட்டால் நார்நாராகப் பிரியும். மரம் ஏறத் தெரிந்த பையன் ஒருவனைக் கோயில்பிள்ளை தேடிப் பிடிப்பார். அவன் மேலே போய்க் கப்பிக்கு எண்ணெய் விட்டுப் புதுக் கயிறு கோத்து இறங்குவான். ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். கிறீச்சென்ற சத்தம் நின்றிருந்தால் வேலை முடிந்தது.

6ஆம் தேதி மாலை சாமியார் கொடியை மந்திரிப்பார். நீலமும் வெள்ளையுமான துணி, நடுவில் மாதா படம். அது பேண்டு வாத்தியத்தோடு தெருவைச் சுற்றி வரும். வேட்டுச் சத்தத்துக்கு நடுவே மேலே ஏறும். அன்றிலிருந்து ஒன்பது நாள் நவநாள். பத்தாம் நாள், ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. அன்று இரவு தேர்.

அதே 15ஆம் தேதி காலை, பூசை முடிந்த கையோடு எல்லாரும் பள்ளிக்கூட முற்றத்துக்கு நகர்வார்கள். அங்கே இன்னொரு கம்பம், இன்னொரு கயிறு. டிரில் மாஸ்டர் முந்தின நாளே மூவர்ணக் கொடியை மடித்து, உள்ளே சாமந்தி இதழ்களை வைத்து, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்குப் போட்டு வைத்திருப்பார். முடிச்சு இறுகிவிட்டால் கொடி விரியாது, வந்த விருந்தினர் கயிற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அவருக்கு இரவெல்லாம் அதே கவலை. தேசியக் கொடிக்குப் பக்கத்திலோ மேலேயோ வேறு கொடி பறக்கக் கூடாது என்பது கொடிச் சட்டம். மாதாவின் கொடிமரமோ கோபுரத்தோடு போட்டி போடும் உயரம். அதனால்தான் ஒன்று கோயில் பக்கம், மற்றொன்று பள்ளிக்கூடப் பக்கம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 10ஆம் தேதி மூன்றாவதாக ஒரு கொடி வருகிறது. நிறம் கறுப்பு. அதற்கு மந்திரிப்பும் இல்லை, மிட்டாயும் இல்லை.

சென்ற இதழில் தாது வருஷப் பஞ்சத்தையும், அதை ஒட்டி இந்த வட்டாரத்துச் சேரிகள் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றதையும் பார்த்தோம். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தேசத்தின் திருநாளைக் கோயிலுக்குள் எப்படிக் கொண்டாடினார்கள் என்பது இந்த இதழின் கதை. அதற்கு முதலில் ஒரு கேள்வி: எந்தத் தேசம்?

பிரான்சின் ஆகஸ்டு 15

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள். திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆட்சிப்படி இந்த இரண்டு ஊர்களும் ஆங்கிலேயர் கையில், தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தன. ஆனால் இங்குள்ள கத்தோலிக்கருக்கு ஆயர் இருந்தது பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில். கோயில்களுக்கு வந்த சாமியார்களில் பெரும்பாலோர் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். வரி ஒரு கொடிக்கு, மந்திரம் வேறொரு கொடியின் ஊரிலிருந்து. இப்படியே நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்தச் சாமியார்களுக்கு ஆகஸ்டு 15 ஏற்கெனவே நாட்டுப்பற்று கலந்த நாள். 1638இல் பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி தம் நாட்டை மாதாவின் அடைக்கலத்தில் ஒப்படைத்து, ஒவ்வொரு விண்ணேற்புத் திருநாளிலும் நாடெங்கும் பவனி நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு நூற்று முப்பத்தோரு வருஷம் கழித்து, 1769இல், அதே ஆகஸ்டு 15 அன்று கோர்சிகா தீவில் நெப்போலியன் பிறந்தார். பேரரசரானதும் தம் பிறந்தநாளை நாட்டின் திருநாளாக்கினார். அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் 1852இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1869 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த இடங்களில் ஆகஸ்டு 15 மாதாவுக்கும் பேரரசருக்கும் சேர்த்து ஒரே திருநாள். பேரரசு விழுந்து குடியரசு வந்தது. 1880இலிருந்து தேசியத் திருநாள் ஜூலை 14க்கு மாறியது.

ஆட்சிக்காகப் பூசையின் முடிவில் பாடும் லத்தீன் மன்றாட்டு ஒன்று உண்டு. மன்னர் இருந்தபோது அதில் மன்னர் பெயர். நெப்போலியன் வந்தபோது அவர் பெயர். குடியரசு வந்ததும் குடியரசு. ராகம் அப்படியே இருக்க, ஒரு சொல் மட்டும் மாறும். கொடிகளின் கதையில் இந்த ஒற்றைச் சொல் மாற்றம் பிறகும் வரப்போகிறது, நினைவில் இருக்கட்டும்.

ராணியின் நாட்கள்

திண்டிவனத்துப் புராட்டஸ்டண்டுகளின் கதை வேறு பாதை. அங்கே இருந்தவர்கள் அமெரிக்கர்கள், ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. 1890இல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் பங்களாவுக்கு வந்த இளம்பெண் இடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவராக முடிவெடுத்தது இந்த ஊரில்தான். வேலூர் ஆஸ்பத்திரியின் வித்து விழுந்த இடம் என்று திண்டிவனத்துக்காரர்கள் பெருமை பேசுவது அதனால்.

அமெரிக்கர்களுக்கு விக்டோரியா மகாராணி யாரோ. அவர்களுடைய முன்னோர் இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். ஆனாலும் ராணியின் நாட்கள் அவர்களுடைய சபைகளுக்குள் நுழைந்தன. வாசல் எது என்றால், பள்ளிக்கூடம். மிஷன் பள்ளிகள் சர்க்கார் கிராண்ட் வாங்கி நடந்தவை. கிராண்ட் வந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். இன்ஸ்பெக்டர் வந்தால் சர்க்காரின் நாட்காட்டியும் கூடவே வரும். 1887 பொன்விழா, 1897 வைரவிழா, 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜின் டில்லி தர்பார் என்று ராஜாங்கம் நாள் குறித்தபோதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், இனிப்பு வாங்கினார்கள். பல கிராமங்களில் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே கூரை. வாரத்தில் ஆறு நாள் கரும்பலகை, ஏழாம் நாள் பிரசங்க மேசை. உபதேசியார்தான் வாத்தியார். ஆகவே சர்க்கார் விழா எங்கே முடிந்து ஆராதனை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது.

போதகர்களுக்கு இதில் வேத ஆதாரமும் கைவசம் இருந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் சொல்கிறார். அவர் அதை எழுதியது ரோமப் பேரரசின் காலத்தில். ஆள்பவர் நல்லவரா, நம்மவரா என்று அந்த வசனம் கேட்பதில்லை. அதனால் எந்த ஆட்சி வந்தாலும் அது செல்லும்.

ராஜாங்கத் திருநாட்கள் எல்லாமே வேர் பிடித்தன என்று சொல்ல முடியாது. விக்டோரியாவின் பிறந்தநாளான மே 24ஐப் பேரரசு நாளாக்கினார்கள். லண்டனில் அது வசந்த காலம். திண்டிவனத்திலோ கத்திரி வெயிலின் கடைசி வாரம். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், பிள்ளைகள் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் கிடப்பார்கள். வரிசையில் நிற்க ஆள் இல்லாத விழா எந்த ஊரில் நிலைத்திருக்கிறது?

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக டில்லியில் அறிவித்தது 1877 ஜனவரி 1. தாது வருஷம் அது. சென்னை மாகாணத்தில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்த மாதம். பேரரசியின் பட்டமும் பஞ்சத்தின் கஞ்சித்தொட்டியும் ஒரே நேரத்தில் வந்தன. கஞ்சியைக் கொடுத்தவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள் என்பதால், பேரரசிக்கான ஜெபம் அவர்கள் வாயிலிருந்து வந்தபோது சேரி ஜனங்களுக்கு அது நெருடவில்லை. சோறு போட்ட கை சொல்லும் ஜெபத்துக்கு ஆமென் சொல்வதுதான் மரியாதை.

திருக்கோவிலூர் டேனிஷ்காரி

விழுப்புரம், திருக்கோவிலூர் பக்கம் வேலை செய்தது டென்மார்க் நாட்டு மிஷன். பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது அதுதான். டேனிஷ்காரர்களும் ஆங்கிலேயர் அல்லர். ஆனால் அமெரிக்கர்களைவிட அவர்களுக்கு ஒரு தனிப் பாடம் தெரிந்திருந்தது. கிருண்ட்விக் என்ற பாதிரியார்-கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மக்கள் பள்ளிகளுக்கு வழி காட்டினார். தாய்மொழியிலும் சொந்த மண்ணின் கதைகளிலும் தொடங்காத படிப்பு படிப்பே இல்லை என்பது அவர் கட்சி. சொந்த நாட்டை நேசிப்பதும் தேவனை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் தென்னாற்காட்டுக்கு மிஷனரிகளாக வந்தார்கள்.

அவர்களில் இருவர் ஆன் மேரி பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும். எஸ்தருக்கு வேலை திருக்கோவிலூரில். 1917 தொடக்கத்தில் இருவரும் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார்கள். அப்போது காந்தி சம்பாரணுக்குக்கூடப் போயிருக்கவில்லை. எஸ்தர் அவருக்கு மகள் போலானார். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. திருக்கோவிலூர் தபாலாபீசில் காந்தியின் கையெழுத்தோடு கடிதம் வந்து இறங்குவது சர்க்காருக்குப் பிடிக்குமா? மிஷனுக்கும் சங்கடம். கடைசியில் எஸ்தர் மிஷனை விட்டு விலகினார், மேனன் என்ற இந்திய மருத்துவரை மணந்தார். பீட்டர்சனும் மிஷனை விட்டு வெளியேறிப் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் பெயரிலேயே 'தேசிய' என்று சேர்த்தார். 1921 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. அதே மாதம் 22ஆம் தேதி மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார்.

சபைக்குள் சுதேசிக் காற்று புகுந்த விதம் இது. ராணியின் நாட்கள் எந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாக வந்தனவோ அதே வாசல்தான். சேவா மந்திரின் ராட்டையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்தான் சுழன்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்த சுதந்திரம்

முதல் சுதந்திர தினம் 1947இல் வரவில்லை. லாகூர் காங்கிரசின் தீர்மானப்படி 1930 ஜனவரி 26ஐப் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடி, நாடெங்கும் கொடியேற்றி உறுதிமொழி எடுத்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களுக்கு அது ஆராதனை நாள்.

மிஷன் சபைகளின் நிலைமை அப்போது இக்கட்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு, இந்தியாவில் வேலை செய்ய வரும் வெளிநாட்டு மிஷனரிகள் சட்டப்படியான அரசுக்கு விசுவாசமாக இருப்போம், அரசியலில் தலையிட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்திருந்தது. அமெரிக்கர், டேனிஷ்காரர் எல்லாரும் அதற்குள் அடக்கம். மீறினால் என்ன ஆகும் என்பதை அதே 1930 காட்டியது. மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மிஷனரி ரால்ஃப் கைத்தான், காந்தியின் ஆங்கில நண்பர் ரெஜினால்ட் ரெய்னால்ட்சைத் தம் வீட்டில் தங்க வைத்தார். அந்தக் குற்றத்துக்காக நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. மிஷனரி ஐயருக்கே இந்தக் கதி என்றால், மிஷன் சம்பளத்தில் வாழும் உபதேசியார் கொடியைத் தொடுவாரா?

ஆனால் சம்பளம் வாங்காத கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் பொருளாதாரச் சிந்தனைக்கு எலும்பும் சதையும் கொடுத்தவர், ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவர். சத்தியாக்கிரகிகள் மேல் தடி பாய்ந்தபோது திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று கல்கத்தாவிலிருந்த பேராயரோடு கடிதத்தில் வாதாடினார். சேலத்துக்காரர் கே.டி. பால் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம், நாங்கள் நாட்டோடு கலந்தே நிற்போம் என்பது அவர் வாதம். பக்கத்து வட ஆற்காட்டில், திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் 1921இலிருந்தே கதர்தான் உடை.

தனித்தொகுதி வேண்டாம் என்ற அந்தக் குரலையும் நினைவில் வையுங்கள். இருபது வருஷம் கழித்து அதற்கு ஒரு விலை கேட்கப்படும்.

1947: வெள்ளிக்கிழமை

1947 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை. தேதி குறித்தவர் மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு அவர் மனத்தில் இருந்தது. மாதா திருநாள் அவர் கணக்கில் இல்லை. ஆனால் தென்னாற்காட்டுக் கத்தோலிக்கரின் கணக்கில் அது முந்நூறு வருஷத்து நாள். கடன் திருநாள் வேறு. அன்று பூசை காண்பது கட்டாயம்.

அந்த நாளை அவர்கள் எப்படித் தொடங்கியிருப்பார்கள் என்பதை அன்றைய திருச்சபைச் சட்டத்தை வைத்தே சொல்லலாம். நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து உண்ணக் கூடாது, குடிக்கவும் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தண்ணீருக்கு விலக்கு வந்தது 1953இல்தான். ஆகவே டில்லியில் நேரு பேசி முடித்து நள்ளிரவு மணி அடித்த அதே நொடியில், இங்கே கோயில் தெருவில் பக்தியுள்ள குடும்பங்களுக்கு விரதம் தொடங்கியது. நாட்டின் முதல் சுதந்திர மணியை அவர்கள் வாய் கட்டிக்கொண்டு கேட்டார்கள். மாலைப் பூசை அப்போது கிடையாது. எனவே விடியற்காலையிலேயே கோயில் நிறைய வேண்டும். பூசை லத்தீனில், சாமியார் பீடத்தைப் பார்த்தபடி. பிரசங்கம் மட்டும் தமிழில். பூசை முடிந்த பிறகுதான் முதல் வாய் காப்பி. வெள்ளிக்கிழமையில் கறி கூடாது என்பது பொது விதி. கடன் திருநாள் வெள்ளியில் விழுந்தால் அந்தத் தடை நீங்கும். ஆக, வசதியுள்ள வீடுகளில் அன்று மத்தியானம் கறிச்சோறு. எந்தக் கொடிக்கு என்று கேட்டால் இரண்டுக்கும் என்பார்கள்.

அன்று இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த விவசாயி. ஆலயக் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டம் அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. திண்டிவனத்துக்காரர் கோட்டையில் உட்கார்ந்திருக்க, திண்டிவனத்தில் கொடி ஏறியது.

ஆனால் திண்டிவனம், விழுப்புரம் கத்தோலிக்கரின் பேராயர் கொலாஸ் ஆண்டகை இருந்தது புதுச்சேரியில். அங்கே அன்று காலையும் பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். மேய்ப்பர் அந்நியக் கொடியின் கீழ், ஆடுகளில் பெரும்பகுதி சுதந்திரக் கொடியின் கீழ். விழுப்புரம் ஜங்ஷனில் புதுச்சேரி ரயில் ஏறினால், 1879இல் போட்ட அந்தப் பாதையில் கொஞ்ச தூரத்திலேயே நாடு மாறிவிடும். இந்த விசித்திரம் இன்னும் ஏழு வருஷம் நீடித்தது. 1954 அக்டோபர் 18 அன்று, விழுப்புரம் எல்லையை ஒட்டிய கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர்.

ஜெபத்தில் மாறிய சொல்

திண்டிவனத்து அமெரிக்க மிஷன் சபைக்கு 1947 இரட்டைப் பிரளயம். ஆகஸ்டு 15இல் நாடு மாறியது. நாற்பத்து மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 27 சனிக்கிழமை, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, ஆற்காடு மிஷன் சபைகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாயின. ஆயர் என்றாலே பழக்கமில்லாத திண்டிவனத்து சபையாருக்குப் பிஷப் வந்தார். ஆற்காடு லுத்தரன்கள் சேரவில்லை, தங்கள் வழியிலேயே நின்றார்கள்.

ஆராதனையில் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. சுதந்திரம் வந்த பிறகும், 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி இந்தியாவின் மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். நாடு டொமினியன். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் ராஜாவின் பெயர் அச்சில் இருந்தது. அதை வாசிப்பதா, தாண்டிப் போவதா என்பது பீடத்தில் நின்றவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட இரண்டரை வருஷம் அது. குடியரசு வந்த அன்றோடு ராஜா ஜெபத்திலிருந்தும் விடைபெற்றார். அந்த இடத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் என்று பட்டியல் நீண்டது. பிரான்சின் லத்தீன் மன்றாட்டுக்கு நேர்ந்ததே தமிழ் ஜெபத்துக்கும் நேர்ந்தது. தீமோத்தேயு நிருபத்தின் வசனம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலாம் ஆண்டு நிறைவான 1948 ஆகஸ்டு 15 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஆராதனைக்கென்று கூடியவர்கள் அப்படியே கொடிக்கும் நிற்க முடிந்தது. அன்று போட்ட அச்சு இன்றும் மாறவில்லை. கோயில் மணி, நாட்டுக்காக விசேஷ ஜெபம், பிறகு முற்றத்தில் கொடி, வாலிபர் சங்கத்துப் பையன்களின் ஓட்டப் பந்தயம், கடைசியில் ஆரஞ்சு மிட்டாய். ராணிக்கு வரிசையில் நின்ற தாத்தாவின் பேரன் அதே வரிசையில் நின்றான், வாங்கியது அதே மிட்டாய்.

ஆனால் தாத்தா வேறொருவரின் கொடிக்காக நின்றார். பேரன் நின்றது தன் கொடி என்று நம்பிய ஒன்றின் கீழ். இந்த ஜில்லாவின் ஊர்-சேரிப் பிரிவை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஊர்ச் சாவடியில் ஏற முடியாதவர்கள், ஊர்த் தேரின் வடம் தொட முடியாதவர்கள், தங்கள் சொந்த முற்றத்தில், தங்கள் ஆள் கயிறு இழுக்க, தலை நிமிர்ந்து பார்த்த முதல் பொதுக்கொடி அது.

10ஆம் தேதி

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் வேண்டுமா என்ற விவாதம் வந்தது. கிறிஸ்தவத் தலைவர்களான எச்.சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசூசா அடிகளாரும் வேண்டாம் என்ற பக்கமே நின்றார்கள். கே.டி. பாலின் பழைய குரல்தான். நாட்டை நம்புகிறோம், கணக்குப் பார்க்க மாட்டோம் என்று ஒரு சமூகம் தானாக விட்டுக்கொடுத்தது.

அடுத்த வருஷம், 1950 ஆகஸ்டு 10 அன்று, பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது. ஊரின் கண்ணில் கழுவவில்லை. கோயிலுக்குள்ளேயும் கழுவவில்லை என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரு தரப்பும் ஒரே ஜெபமாலை மாதாவின் பிள்ளைகள்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். 2008 தொகுதிச் சீரமைப்புக்குப் பிறகு விழுப்புரம் மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அதற்குள் அடங்கிய திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனி. பஞ்ச காலத்தில் கொத்துக் கொத்தாக ஞானஸ்நானம் நடந்த மண் இது. அந்தக் குடும்பத்தில் பிறந்து, அந்த மதத்திலேயே நிற்கும் ஒருவர் இந்த மூன்றில் எதிலும் வேட்பாளராக நிற்க முடியாது. ஓட்டுப் போடலாம், கொடி வணக்கம் செலுத்தலாம். நியாயம் வேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது. 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. மூன்றாம் பத்தி இன்னும் அங்கேயே இருக்கிறது.

அதனால்தான் அண்மைக் காலமாக ஆகஸ்டு 10ஐக் கத்தோலிக்க, புராட்டஸ்டண்டுச் சபைகள் சேர்ந்து கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. ஐந்து நாள் கழித்து அதே ஜனம் மூவர்ணக் கொடிக்கு எழுந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். இருபது வருஷம் தனித்தொகுதி வேண்டாம் என்று சொல்லி, நாட்டை நம்பி எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது முரண்பாடு இல்லை. கேட்க உரிமையுள்ள வீட்டில்தான் பிள்ளை கோபித்துக்கொள்ளும்.

15ஆம் தேதி சாயங்காலம், பொழுது சாயும் முன்பே டிரில் மாஸ்டர் மூவர்ணக் கொடியை இறக்கிவிடுவார். தரை படாமல் மடித்துத் தலைமையாசிரியர் அறை பீரோவில் வைப்பார். அதன் பிறகு சீரியல் விளக்குகள் எரியும், தேர் கிளம்பும். தேர் தெருவெல்லாம் சுற்றி நிலைக்கு வந்ததும், நள்ளிரவை ஒட்டி, கோயில்பிள்ளை மாதாவின் கொடியை இறக்குவார். புதுக் கயிற்றைச் சுருட்டி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பார். இரண்டு கொடிகளையும் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பது அவர்களுக்கு அத்துப்படி. கறுப்புக் கொடியை எந்த வருஷம் கடைசியாக மடித்து வைப்பது என்பதை மட்டும் டில்லிதான் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழில்: 1954 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய காலை.

(தொடரும்)